சாவி இல்லாத ஏற்றம்

எனக்குச் சரியாக நினைவில்லை. 2004 ஆக இருக்கலாம். இலங்கையின் றக்வானையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லொறியை ஓட்டிய ஜெறோம், இறக்கங்களில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டுவார். கம்பெனி கார்டில் அடித்த டீசலில் அப்படி மிஞ்சியதை விற்றுவிடுவார். அவரைக் கையும் களவுமாகப் பிடித்து விரட்ட, தோட்டத்துக் கணக்கெழுதும் கிளாக்கர் ஒருநாள் அவர் அருகில் ஏறினார். நான் லொறியின் பின்தட்டில் நின்றேன்.

இறக்கத்தில் எஞ்சின் நின்றதும் கிளாக்கர் சாவியைப் பிடுங்கினார்.

"மாட்டுனியா, களவாணி? நாளைக்கே லயத்து வீட்ட காலி பண்ணு."

"சாவிய குடுங்கய்யா. பாலம் தாண்டுனா ஏத்தம்."

"எறங்கித் தள்ளு."

பாலத்தைத் தாண்டிய லொறி சத்தமில்லாமல் ஏற்றத்தில் ஏறியது. வேகம் குறையவில்லை.

"பிரேக்க போடுடா!"

"கால் பிரேக்குலதாங்க இருக்கு."

நான் குதித்தேன். லொறி வளைவில் மறைந்தது. வளைவுக்கு அப்பால் இருந்த கடைக்காரர் எந்த லொறியும் வரவில்லை என்றார்.

இருவரும் திரும்பவில்லை. புதுக் கிளாக்கர் வந்தார். ஜெறோமின் மனைவி ஸ்டெபானி இன்றும் அதே லயத்து வீட்டில் இருக்கிறார்.