பாதி மாத்திரை

டவுனுக்குப் போன புருசன் வெட்டை நோயை வாங்கிக்கிட்டு வந்தா, நீங்களா இருந்தா சோறு போடுவீங்களா?

பூரணி போட்டாள். ஆனால் வெளியே, இஸ்தோப்புத் திண்ணையில் வைத்து. படுக்கையும் அங்கேயேதான். கந்தப்பளை மலைக்குளிரில் அழகன் பல் தந்தியடிக்கக் கிடந்தால், "நல்லா நடுங்குங்க. நோவு தீந்தாத்தான் உள்ள" என்பாள், இடுப்பில் இருக்கிற பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா ரெண்டு பேருக்கும் மாத்திரை கொடுத்திருந்தார். அவளுக்குச் சுகமாகிவிட்டது. அவனுக்கு மட்டும் ஆகவில்லை.

'மறுபடியும் டவுனுக்குப் போயிருக்கும் இந்த மனுசன்!'

விஷயம் லயத்து வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் எல்லார் முன்னாலும் சோலைமலைக் கங்காணி வெள்ளிப்பூண் தடியைத் தரையில் தட்டினார்.

"டேய் அழகா, தள்ளி நில்லு! இந்த வருசம் காமன்கூத்தில நீ மன்மத வேசம் கட்டக்கூடாது. ஒழுக்கங்கெட்டவன் சாமி வேசம் கட்டினா தோட்டத்துக்கே ஆகாது!"

கொழுந்தெடுக்கிற பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். அழகன் தள்ளிப் போய் நின்றான்.

பூரணிக்கு மானம் போயிற்று. அவனை டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மாத்திரை பூராவும் தின்னியாடா?" என்றார் ஐயா.

"பாதிதாங்க. மிச்சத்த ஒருத்தருக்குக் குடுத்துட்டேன். வெளிய தெரிஞ்சா நாண்டுக்குவேன்னு கையப் புடிச்சு அழுதாருங்க."

"யாரு அது?" பூரணி பாய்ந்தாள்.

"சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன் புள்ள."

ஐயா தலையில் அடித்துக்கொண்டார். "சோத்துல பங்கு வைக்கலாம், மருந்துல வைக்கலாமாடா? பாதி மருந்துக்குக் கிருமி சாகாது, பழகிக்கும். மாமியா ஏச்சுக்குப் பழகின மருமக மாதிரி! அப்புறம் என்ன கத்தினாலும் ஏறாது. உனக்கும் சரி, அந்த ஆளுக்கும் சரி, இனி ஊசிதான்."

பொழுது சாயும் நேரம். லயத்துக்குப் பின்னாலிருந்து ரகசியமாக ஒரு குரல்.

"அழகா... இன்னும் ரெண்டு மாத்திரை இருந்தாக் குடு ராசா. புண்ணியமாப் போகும்."

பூரணி பின்கதவைப் படாரென்று திறந்தாள்.

எதிரே வெள்ளிப்பூண் தடி!

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் பணிவாகச் சொன்னாள்:

"மாத்திரை தீந்துபோச்சுங்க கங்காணி, இனிமே ஊசிதானாம். நாளைக்கு உங்க வீட்டு அக்காவையும் கூட்டிக்கிட்டு டிஸ்பென்சரிக்கு வந்துருங்க. பெரட்டில நிக்கிற மாதிரி, அங்கயும் நீங்களே முன்னால நில்லுங்க!"