அழுத்தினால் மட்டும்

கடிகாரம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் பெரியவரின் புகார்.

மெக்கானிக் அதை வாங்கிக் காதருகே கொண்டுபோனாள். எண்கள் எரிகிற கடிகாரத்தில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று உறைத்ததும் கையை இறக்கிக்கொண்டாள்.

ஒருமுறை உதறினாள். கறுப்புக் கண்ணாடிக்குள் சிவப்பாக 4:52 எரிந்தது. இரண்டு எண்ணுவதற்குள் அணைந்துவிட்டது.

செல்போனிலும் 4:52தான்.

ஆனாலும் தன் வேலையை அவள் ஒருநாளும் முழுதாக நம்பியதில்லை. பின்மூடியைக் கழற்றி, கண்ணில் லென்ஸை வைத்து, நோட்டில் எழுதியிருந்த வரிசைப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பேட்டரி கசிந்து அரித்துப்போன தகடுகளுக்குப் பதிலாக அவள் வெட்டிப் பொருத்திய தகடுகள் பளபளவென்று இருந்தன. முடியைவிட மெல்லிய கம்பியில் அவள் பற்றவைத்த இடமும் விடவில்லை. மூன்று நாள் வேலை.

குறை ஒன்றும் இல்லை என்றாள்.

இருக்கிறது என்றார் பெரியவர். முன்பு பொத்தானை அழுத்தினால் மட்டும்தான் மணி தெரியும். இப்போது கையை ஆட்டினாலே எரிகிறது, தலை சீவினால்கூட எரிகிறது. இது கடிகாரமா, போகிறவர் வருகிறவரைப் பார்த்துக் கண்ணடிக்கிற பயலா?

"பழையபடி ஆக்கிக் குடும்மா."

மெக்கானிக்கின் பார்வை அவருடைய வலதுபக்கச் சட்டைக்குப் போய்த் திரும்பியது. முழங்கைக்குக் கீழே துணியை மடித்து ஊசி குத்தியிருந்தார். கடிகாரம் கட்டுவது இடது கையில். பொத்தானை அழுத்த இன்னொரு கை வேண்டும்.

அந்த இன்னொரு கை அவருடைய மருமகள்.

போன வாரம் கடிகாரம் நின்றுபோனபோது கொண்டுவந்தவளும் அவள்தான். மாமா ஒரு நாளைக்கு நாற்பது தடவை கையை நீட்டுவார், போட்ட வேலையைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து அழுத்த வேண்டும் என்று அலுத்துக்கொண்டாள். இப்போதுதானே பார்த்தீர்கள், அதற்குள் மணி எங்கே ஓடிவிடப்போகிறது என்று கேட்டால், ஓடிவிட்டதா என்றுதான் பார்க்கச் சொல்கிறேன் என்பாராம்.

சிரித்துவிட்டு, மிச்சத்தைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கணவன் இறந்து ஐந்து வருடம் ஆகிறது. அடுத்த மாதம் நாலாம் தேதி அவளுக்கு மறுமணம். மாப்பிள்ளைக்கு வேறு ஊர். மாமாவிடம் கேட்டதற்குச் சரி என்று மட்டும் சொன்னார்.

யார் துணையும் இல்லாமல் அவர் மணி பார்த்துக்கொள்ள ஒரு வழி செய்து தர முடியுமா?

மெக்கானிக் செய்து தந்தாள். இனி ஓடாது என்று ஒதுக்கிவைத்திருந்த வேறொரு கடிகாரத்திலிருந்து அரிசியளவு சுவிட்ச் ஒன்றைப் பெயர்த்து இதில் வைத்தாள். உதறினால் எரியும்.

கடிகாரம் நேற்றுத்தான் வீட்டுக்குப் போனது. போனதும் பெரியவர் வழக்கம்போலக் கையை நீட்டியிருக்கிறார். நீட்டிய வேகத்தில் எண்கள் எரிந்துவிட்டன. ஈரக்கையோடு பாதி தூரம் வந்த மருமகள் அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாளாம்.

இதையும் கடிகாரத்தின் கோளாறுகளில் ஒன்றாகவே சொல்லி முடித்தார்.

மெக்கானிக்குக்குப் புரிந்தது. புரிந்ததாக நினைத்தாள். கிளம்புகிறவர்களைக் கிளம்பவிடாமல் இருக்க மனிதர்கள் நெஞ்சுவலி என்பார்கள், தலைசுற்றல் என்பார்கள். இவருக்குக் கடிகாரம் கிடைத்திருக்கிறது. பொத்தானை அழுத்த ஆளில்லாத மனிதரை விட்டுவிட்டு அந்தப் பெண் எந்த மனசோடு வண்டி ஏறுவாள்?

சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு முறை யோசித்தாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"அவங்க நிம்மதியாப் போகட்டுமே, ஐயா."

வாடிக்கையாளரிடம் பேசுகிற பேச்சா இது என்று உடனே காது சுட்டது.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த உதறுகிற சுவிட்ச் எது என்று கேட்டார். அவள் இடுக்கியின் முனையால் தொட்டுக் காட்டினாள். குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இதை உடையாமல் எடுக்க முடியுமா என்றார். எடுத்து வைத்தால் சும்மா கிடந்து கெட்டுப்போகுமா என்றார். மறுபடி மாட்டினால் இதே மாதிரி எரியுமா என்றார்.

எடுக்கலாம், கெடாது, எரியும் என்று மூன்றுக்கும் பதில் சொன்னாள்.

"அப்ப எடுத்துப் பத்திரமா வச்சிரும்மா. அவளை வண்டி ஏத்திட்டு நேரா இங்கதான் வருவேன், மாட்டிக் குடு." நிமிர்ந்து, வெறும் மணிக்கட்டைச் சட்டையில் தேய்த்துக்கொண்டார். "அதுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்குல்ல."