ஜாக்கி நடத்திய விசாரணை

தக்காளி ஏற்றும் பிக்கப் வண்டிக்குள், மேடு பள்ளம் வந்தால் மட்டும் எங்கேயோ 'லொட லொட'வென்று சத்தம் கேட்டது. சீட்டுக்குப் பின்னால் கட்டாமல் கிடந்த, டயர் மாற்ற வண்டியைத் தூக்கும் ஜாக்கிக்கு மானமே போயிற்று. துப்பறிய அதைவிட்டால் யார்?

"இந்தக் கதவுதான்!" என்றது. மெக்கானிக்கும் கதவைத்தான் இறுக்கினார். "அப்போ சைலன்சர்!" என்றது. அதற்கும் வெல்டிங் வைத்தாயிற்று. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் வழியில் பஞ்சராகி நின்ற வேனுக்கு ஓட்டுநர் ஜாக்கியை இரவல் கொடுத்தார். மறுநாள்தான் அது திரும்பி வந்தது.

"ஐயா, நேத்து நீங்க இல்லாதப்போ சத்தமே இல்லீங்க," என்று கதவு இழுத்தது.

"பின்னே? நான் போட்ட போடு அப்படி!" என்று நெஞ்சை நிமிர்த்தியது ஜாக்கி.

வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியது. லொட லொட.

"பாருங்க, நான் வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டீங்க!"