சிவப்பு மை

ஆங்கில ஆசிரியர் திருத்திய விடைத்தாள்களுக்கு மார்க் கூட்டிப் போடுவது எப்போதும் அவர் மனைவிதான்.

“ஏங்க, ‘ஹிஸ்டெரிக்கலி’ன்னா என்ன?”

“தன்னை அடக்க முடியாம கத்தறது, அழறது. பேய் பிடிச்ச மாதிரின்னு வெச்சுக்கோயேன்,” என்றார், அடுத்த தாளிலிருந்து நிமிராமல்.

“என்னைக்கோ ஒரு நாள் கோபப்பட்டா, அதுக்கும் அப்படி எழுதலாமா?”

“சேச்சே! சுத்தத் தப்பு. எந்தக் கழுதை எழுதினது? ஒரு மார்க்கைக் குறை.”

“உங்க வக்கீல். விவாகரத்து மனுவில, ‘என் மனைவி தினமும் ஹிஸ்டெரிக்கலி கத்துகிறாள்’னு எழுதியிருக்காரு. விடைத்தாளோட சேர்த்துக் கட்டி என்கிட்டயே குடுத்திருக்கீங்க.”

அவர் பதறி எழுந்ததில் நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது.

அவள் குரல் உயரவே இல்லை.

“ஸ்பெல்லிங் தப்பை மட்டும் சிவப்பு மையில திருத்தியிருக்கீங்க. பொய்யை அப்படியே விட்டுட்டீங்களே!”