ஐயம்பேட்டைத் தண்ணீர்

“கோளாறு எதுன்னு கண்டுபுடிச்சிட்ட இல்ல, அது போதும். அந்த ஒயரை இருந்த எடத்துலயே திரும்ப முடுக்கிடுப்பா” என்றார் சீனிவாசன்.

மெக்கானிக் வீரபத்திரன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று அவனுக்கே சந்தேகம்.

காந்தி ரோட்டில் பட்டுக் கடை வைத்திருந்த சீனிவாசனின் அம்பாசடர் அந்த வருஷம் முழுக்கக் கொதித்துக்கொண்டே இருந்தது. ரேடியேட்டர் ஓட்டையாகும். ஈயம் வைத்து அடைத்தால் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை விழும். புது ரேடியேட்டர் போட்டும் கொஞ்ச நாளில் அதே கதைதான். உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று எல்லோரும் கைவிரித்துவிட்டார்கள்.

அதே தண்ணீரைக் குடிக்கிற மற்ற வண்டிகள் நன்றாகத்தானே ஓடுகின்றன என்று வீரபத்திரனுக்குத் தோன்றியது. எல்லா சுவிட்சையும் போட்டுவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். மீட்டரின் ஒரு ஒயரை பேட்டரியில் வைத்து, இன்னொன்றைத் தகட்டில் படாமல் தண்ணீரில் நனைத்தான். முள் துள்ளி எழுந்தது.

ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வந்தான். பின்சீட்டில் மாட்டியிருந்த சின்ன ஃபேனை நிறுத்தியதும் முள் படுத்துவிட்டது.

ஃபேனை மாட்டியவர் யாரோ, அதன் எர்த் ஒயரை ரேடியேட்டர் போல்ட்டிலேயே முடுக்கியிருந்தார். ரேடியேட்டரோ ரப்பர் மேல் உட்கார்ந்திருந்தது. திரும்பிப் போக வழியில்லாத கரண்டு, தண்ணீர் வழியாகவே இன்ஜினுக்குத் தாவி, போகிற போக்கில் பித்தளையை அரித்துத் தின்றுகொண்டிருந்தது. மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தபோது இதற்கு எலக்ட்ராலிசிஸ் என்று பேர் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இவ்வளவையும் விளக்கிய பிறகுதான் சீனிவாசன் அப்படிச் சொன்னார். இப்படியே விட்டால் ஒரு நாள் இன்ஜினே வெடித்துப் போகும் என்று எச்சரித்ததற்கும், போனால் போகட்டும் என்றார்.

வீரபத்திரனுக்குச் சுருக்கென்றது. ஒரே மகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்ததிலிருந்து அவர் மனைவி கமலாட்சி யாரிடமும் பேசுவதில்லை என்பது ஊருக்கே தெரியும். திங்கட்கிழமைதோறும் அவளைச் செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போகிறார். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி சொந்தக்காரர்கள் நச்சரிப்பதாகவும் பேச்சு. வண்டி நடுரோட்டில் படுத்துவிட்டால் டாக்டரிடம் போகிற வேலை மிச்சம் என்று கணக்குப் போடுகிறாரோ?

“தப்பா நெனைக்காதீங்க முதலாளி. அந்தம்மாவை டாக்டராண்ட இட்டுக்கினு போவ இஷ்டமில்லன்னா அதைச் சொல்லிடுங்க. அதுக்கோசரம் வண்டியைக் கொல்லாதீங்க.”

சீனிவாசன் கோபப்படவில்லை. சலவை வேட்டி அழுக்காவதைப் பார்க்காமல் அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தார். விஷயத்தைச் சொன்னார்.

செங்கல்பட்டுக்குப் போகிற வழியில், எப்போதும் ஐயம்பேட்டை தாண்டும்போதுதான் வண்டி கொதிக்குமாம். ரோட்டோரத்து வீட்டு எல்லம்மாள்தான் தண்ணீர் தருவாள். இன்ஜின் ஆறுகிறவரை மூடியைத் திறக்க முடியாது, காத்திருக்க வேண்டும். எல்லம்மாளுக்கு இவர்கள் கதை எதுவும் தெரியாது. அதனால் பாவம் என்று பார்ப்பதில்லை. ஆட்டையும் புருஷனையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டே, கமலாட்சி கையில் குடத்தைக் கொடுத்து, கிணற்றடிக்கு வா என்று கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

“போன வாரம் அந்தப் பொம்பளை, ‘உனக்கு எத்தினி புள்ளைங்கம்மா’ன்னு கேட்டுடுச்சு. பானட்டுக்குப் பின்னால நின்னுக்கினு இருந்த எனக்கு உசுரே போயிடுச்சு. இவ நிதானமா சொல்றா, ‘ஒருத்திதான். பேரு ஏலவார்குழலி’ன்னு. கொழந்த போனப்புறம் எங்கிட்டகூட அந்தப் பேரை அவ எடுத்ததில்ல வீரபத்திரா. பானட்டை எறக்கவே எனக்கு மனசு வரல.”

வண்டியைச் சரிசெய்துவிட்டு அங்கே சும்மா நிறுத்தலாமே என்று வீரபத்திரன் மெல்லக் கேட்டான்.

புது ரேடியேட்டர் போட்ட சமயத்தில் அப்படி நிறுத்திப் பார்த்ததாகச் சொன்னார் அவர். நன்றாக ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்தினீர்கள் என்பது போல கமலாட்சி அவர் முகத்தைப் பார்த்தாளாம். இறங்கவே இல்லையாம். தன்னைப் பேசவைக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தாலே சுருண்டுகொள்வாளாம்.

வண்டி இருக்கட்டும், திங்கட்கிழமை காலையில் அம்மாவோடு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டான் வீரபத்திரன்.

பிறகு அவன் எந்தக் குறையும் வைக்கவில்லை. எர்த் ஒயரை பேட்டரிக்கே நேராகக் கொண்டுபோய் முடுக்கினான். ரேடியேட்டரை மாற்றி, குழாய்களை அலசி, மறுபடி மீட்டரை வைத்துப் பார்த்தான். முள் அசையவில்லை. திருப்புட்குழி வரை விரட்டிவிட்டுத் திரும்பியும் வண்டி சூடாகவில்லை.

திங்கட்கிழமை இருவரும் வந்தார்கள். கமலாட்சி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வேலை முடிந்துவிட்டதா என்று கேட்கக்கூடப் பயந்தவர் போல சீனிவாசன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீரபத்திரன் பின்பக்க ஜன்னலருகே போய்க் குனிந்தான்.

“அம்மா, என்னால ஆனதைப் பாத்துட்டேன். ஒண்ணும் முடியல. ஐயம்பேட்டையாண்ட நிறுத்தி, இன்ஜின் ஆறினப்புறம் ஒரு குடம் தண்ணி ஊத்தித்தான் ஆவணும்.”

கமலாட்சி அவனை நிமிர்ந்து பார்த்தாள். நெடுநாள் பூட்டிக் கிடந்த கதவு திறப்பது போல அவள் குரல் கரகரத்து வந்தது.

“வெயில் காலத்துலயும் அது போதுமாப்பா?”

“எங்க போதும்மா? வெயில் காலத்துல போறப்ப ஒரு வாட்டி, வர்றப்ப ஒரு வாட்டி நிறுத்தணும்” என்றான் வீரபத்திரன்.