இடது இடுப்பு

சோறூட்டும் தாய்மார் பிள்ளையை இடது இடுப்பில்தான் வைப்பார்கள். அப்போதுதான் வலது கையால் பிசைந்து ஊட்ட முடியும். லீலாவுக்கோ புற்றுநோய்க்கு அறுவை நடந்ததே இடது மார்பில். அதற்குப் பிறகு இடது கையில் மருத்துவமனை மாட்டிவிட்ட பேசும் உறை, கை வீங்குகிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தது. கனமாக எதைத் தூக்கினாலும் நர்ஸம்மா குரலில் அதட்டும்: "இறக்கி வைங்கக்கா!"

மகள் ஷைனியோ அப்பா இடுப்பில் இருந்தால் ஒரு வாய்கூட வாங்க மாட்டாள். அதனால் சாயங்காலமானால் லீலா, கழற்றியது மருத்துவமனைக்குத் தெரியாமலிருக்க, உறையைக் கழற்றிக் கணவன் செல்வினின் கையில் மாட்டிவிட்டு, பிள்ளையோடு பால்கனிக்குப் போவாள். துறைமுகத்துக் கப்பலைக் காட்டினால் கிண்ணம் காலியாகிவிடும்.

அன்று கப்பல் ஊதிய அவசரத்தில் கழற்ற மறந்துவிட்டாள். பாதிச் சோறு இறங்கிய பிறகுதான் உறை கண்ணில் பட்டது. அது வாயே திறக்கவில்லை. உறை கெட்டுப்போய்விட்டதோ என்று லீலா பயந்தாள். பிள்ளையை இறக்கிவிட்டு மருத்துவமனைக்குப் போன் போட்டாள்.

"உறைக்கு ஒண்ணும் இல்லக்கா," என்று சிரித்தாள் நர்ஸ். "உங்க கைதான் தேறிட்டு. போன வாரமே நீங்க தூக்கலாம்ங்கற எடையக் கூட்டி உறையில வச்சிட்டு செய்தி அனுப்பினோமே, பாக்கலியா? பிள்ளையத் தாராளமா தூக்குங்க."

லீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். உள்ளேயிருந்து வந்த செல்வின், வழக்கம்போலச் சட்டைக் கையை மடித்துவிட்டு, உறைக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

நீட்டிய கையில் சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு, ஷைனியைத் தூக்கி இடுப்பில் ஏற்றினாள்.

"இதப் பிடிங்க. கப்பல் போயிரும்."