நாற்பத்தேழு கொள்ளுத்தாத்தாக்கள்

“உங்க கொள்ளுத்தாத்தா கிடைச்சுட்டார்.”

இதைச் சொல்வதற்குள் தேவாலயப் பங்கு அலுவலகக் குமாஸ்தா இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்டான். போன சனிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டியது. “இன்னும் இல்லைங்க” என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டான். ஒரு வாரமாக மனசாட்சி அரித்துக்கொண்டிருந்தது.

எதிரில் உட்கார்ந்திருந்தவள் பிரித்த நோட்டை அப்படியே மூடினாள். “எங்க கொள்ளுத்தாத்தாவா?”

“ஆமாங்க. அவரேதான்.”

குடும்ப வரலாறு பற்றிய மாலை வகுப்பில் படிக்கிறாள். பத்து வாரமாக, சனிக்கிழமை மூன்று மணி அடித்தால் இந்த நாற்காலியில் இருப்பாள். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவள் தேடிய பெயரில் மட்டும் நாற்பத்தேழு பேர் இருந்தார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்தார்கள். அண்ணன் வைத்தால் தம்பி சும்மா இருப்பாரா? அவரும் தன் மகனுக்கு அதையே வைத்தார். ஒருவரைப் பிடித்து இழுத்தால் நாலு பேர் கூடவே வந்தார்கள்.

குமாஸ்தா நாற்பத்தேழு பேருக்கும் எண் போட்டுப் பட்டியல் எழுதி, இல்லை என்று தெரிந்தவரைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தான். பேனாவால் அடிக்கும் அளவுக்கு அவனுக்குத் தன் மேல் நம்பிக்கை இல்லை. அது நல்லதாகப் போயிற்று. அவன் யாரையாவது நெருங்கும்போதெல்லாம் அவள் வீட்டிலிருந்து புதுத் தகவல் வரும். தச்சர் மகன் என்றவள், அடுத்த வாரம் கொல்லர் மகன் என்பாள்.

“அத்தை இப்பத்தான் சொன்னாங்க சார். மன்னிச்சுக்கோங்க.”

அவன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் அவள் எதற்கு இங்கே வரப்போகிறாள்? முகம் தெரியாத அந்த அத்தைக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு, அடித்த பெயர்களை ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவான்.

பக்கத்து அறையிலிருந்து ஃபாதர் எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா, ஆள் கிடைச்சாச்சாமே. அப்புறம் ஏன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே? அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. இப்பப் போய்த் துக்கம் விசாரிக்கிறியா?”

“ஒண்ணுமில்லை ஃபாதர்.”

ஃபாதர் சிரித்துக்கொண்டே வெளியே போனார். குமாஸ்தா பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினான்.

“கொல்லர் மகன். மழைக்காலத்துல பிறந்தவர். மூத்தது ரெண்டும் அக்கா. நீங்க சொன்ன மூணும் பொருந்துது.”

அவள் குனிந்து படித்தாள். சில பக்கங்களை முன்னால் புரட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. “இதே அப்பா, இதே அம்மா. இதே பேர்ல இன்னொரு பையன் இருக்கானே? ரெண்டு வருஷம் முந்தி. இவங்கள்ல யாருன்னு எப்படிச் சொல்றீங்க?”

“அந்த முதல் பையன் பதினோரு மாசத்துல தவறிட்டான். அடக்கப் பதிவேட்டுல இருக்கு. அதனால அடுத்த பிள்ளைக்கும் அதே பேரை வச்சிருக்காங்க. அப்பல்லாம் அப்படி வைப்பாங்க.”

“அடக்கம் பண்ணது வேற யார் பிள்ளையாவது இருந்தா?”

“அப்பா பேரு, தெரு, தொழில் எல்லாம் ஒண்ணுதான். மூணு தடவை சரிபார்த்துட்டேன். நாலாவது தடவை, எங்கயாவது தப்பு இருக்காதான்னு பார்த்தேன். இல்லை.”

“அவருக்கு இடது கைப் பழக்கம்னு அத்தை நேத்து...”

“அதையெல்லாம் ஞானஸ்நானப் பதிவேட்டுல எழுத மாட்டாங்க.”

முன்னோர் கிடைத்ததும் இந்த அறையில் அழுதவர்கள் உண்டு, பதிவேட்டைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் உண்டு. பரீட்சையில் தோற்றவள் மாதிரி உட்கார்ந்திருந்தவளை அவன் இப்போதுதான் பார்க்கிறான்.

வேறு வழியில்லாமல் நகல் கேட்கும் விண்ணப்பப் படிவத்தை நீட்டினான். அவள் பெயர் எழுதினாள், முகவரி எழுதினாள். மூன்றாவது வரியில் பேனா நின்றது.

“ஞானஸ்நானம் பெற்ற தேதின்னு கேட்டிருக்கே சார்.”

“உங்களோடது. தேதி ஞாபகம் இல்லைன்னா, எந்தச் சர்ச்னு மட்டும் எழுதினாப் போதும்.”

“எனக்கு ஞானஸ்நானமே ஆகலை.”

“பரவாயில்லைங்க. அப்பாவோடது எழுதுங்க.”

“அவருக்கும் ஆகலை. தாத்தாவுக்கும் ஆகலை. எங்க வம்சத்துலயே யாருக்கும் ஆகலை சார்.”

குமாஸ்தா பதிவேட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி பதிவேட்டைப் பார்த்தான். “அப்போ இந்தக் கொல்லர் மகன் யாரு?”

“யாரோ, பாவம்.” அவள் முகம் சிவந்துபோயிருந்தது. “வகுப்பு ஆரம்பிச்ச புதுசுல எங்க முப்பது பேரையும் இங்க கூட்டிட்டு வந்தாங்க. நான் கடைசி வரிசை, உங்க கண்ணுல பட்டிருக்க மாட்டேன். இந்தப் பதிவேட்டுல எவ்வளவு தேடினாலும் தீராத பேரு எதுன்னு அன்னைக்கு நீங்கதான் சொன்னீங்க. அதையே எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு வச்சுட்டேன்.”